நிக்கலை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

மின்சார கார் பேட்டரி என்றதும் லித்தியம், கோபால்ட் என்று விரிவாக எழுதிவிட்டு நிக்கலை ஒரே வரியில் தாண்டிவிட்டது உங்கள் கட்டுரை. உலக நிக்கலில் பாதிக்கு மேல் இப்போது இந்தோனேசியாவில் இருந்துதான் வருகிறது (பெரும்பங்கு எவர்சில்வருக்குப் போகிறது, அது வேறு கணக்கு). 2020-இல் நிக்கல் தாது ஏற்றுமதிக்கு அந்த நாடு தடை போட்டபின் அங்குள்ள சுலவேசித் தீவின் மொரோவாலியிலும் ஹல்மஹேரா தீவிலும் சீன முதலீட்டில் உருக்காலைகள் பெருகின, அவற்றுக்கு மின்சாரம் பெரும்பாலும் அங்கேயே எரிக்கிற நிலக்கரியில் இருந்து. தாது மேல்மண்ணை ஒட்டியே கிடப்பதால் காட்டை வழித்துத்தான் தோண்டுகிறார்கள், மழை பெய்தால் செம்மண் நேரே கடலுக்கு, அப்புறம் மீனவர் எங்கே போவார்? இதற்காகப் பெட்ரோல் காரே மேல் என்று குதிக்கவும் வேண்டாம். நிக்கல், கோபால்ட் இரண்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு டாடாவின் நெக்ஸான் மின்சார கார் இங்கேயே விற்கிறதே, எடை கொஞ்சம் கூடும், ஊருக்குள் ஓட்ட அது போதாதா?