ஸ்பிரிங் வைத்த சைக்கிள் பாரத்துக்கு நல்லதா?

தம்பி, 21 கியரும் முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங்கும் உள்ள மவுண்டன் பைக்தான் வேலைக்குப் போகவும் சாமான் ஏற்றவும் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள், அது பிழை. பின்னுக்கு ஸ்பிரிங் இருந்தால் சில்லு மேலும் கீழும் அசையும், சாதாரண கரியரைப் பூட்ட முடியாது, ஏனென்றால் அதன் கால் அச்சுப் பக்கத்திலும் மேல்பகுதி சீட்டுக்குக் கீழேயும் அசையாமல் நிற்கவேண்டும். சீட் தண்டில் மட்டும் இறுக்கும் கரியரில் 10 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். மவுண்டன் பைக்கின் கட்டைப்பல் டயர் தார் றோட்டில் இழுக்கும், மிதிக்கப் பாரமாக இருக்கும். யாழ்ப்பாணம் சமதரை, 21 கியர் தேவையில்லை. பண்ணைப் பாலத்தில் சோளகம் (தென்மேற்குக் காற்று) எதிரே அடிக்கும்போது கியர் உதவும்தான், ஆனால் 3 போதும். மட்கார்ட், செயின் கவர், இரட்டைக்கால் ஸ்டாண்ட் உள்ள சாதாரண சைக்கிளைப் பாருங்கள். அரிசி மூட்டை கட்டும்போது சைக்கிள் சரியாமல் நிற்பது அந்த ஸ்டாண்டால்தான்.