உப்பிய ஜாயின்ட் டேப்பின் மேல் புட்டி நிற்காது

பழைய அடுக்குமாடி வீடுகளில் சுவரில் இரண்டு ஜிப்சம் போர்டுகள் சேரும் ஜாயின்ட் உப்பினால், மேலே இரண்டு கோட் புட்டி இழுத்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், அது நிற்காது. உப்புவது பெரும்பாலும் போர்டு அல்ல, ஜாயின்ட் மேல் ஒட்டிய பேப்பர் டேப். அடியில் டேப்பை ஒட்டவைக்கும் ஜாயின்ட் காம்பவுண்டு (பசை போன்ற பூச்சு) போதாமலோ ஈரம் பட்டோ பிடிப்பு விட்டிருக்கும். அதன் மேல் எத்தனை கோட் போட்டாலும் டேப்போடு சேர்ந்து பெயர்ந்துவிடும்.

நீங்களே பார்க்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள், மேடு நிழலாகத் தெரியும். அங்கே விரலால் தட்டினால் டொப்பென்று வெற்றுச் சத்தம் வரும். பிளேடால் ஒரு அங்குலம் கீறி முனையைத் தூக்குங்கள். டேப் சுலபமாக உரிந்து, பின்பக்கம் வெறும் காகிதமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரை உரித்து வெட்டிவிடுங்கள். அப்புறம் ஜாயின்ட் காம்பவுண்டு பூசி, ஈரமாக இருக்கும்போதே புது டேப்பை அழுத்துங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த கோட். போர்டே மெத்தென்று அமுங்கினால் மட்டும், டேப்பைத் தொடும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்தத் துண்டை மாற்றித்தான் ஆகவேண்டும்.