இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று இரண்டு மொழி கேட்டு வளர்வதால்தான் குழந்தை பேசத் தாமதமாகிறது, ஒன்றை நிறுத்திவிட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியல்ல. இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலுமே தெரியும். ஒன்றை நிறுத்தினால் அது தீராது, பாட்டியோடு பேசும் வழிதான் அடைபடும்.

கிருஷ்ணகிரியில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், மகன் சொல்லும் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணிக் கலங்கியிருந்தார். படப் புத்தகத்தில் பூனையைக் காட்டியபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. பாட்டி பக்கம் திரும்பி "பில்லி, பில்லி" என்று விரல் நீட்டினான். அது தெலுங்கு. அந்தச் சொல் தாயின் கணக்கிலேயே இல்லை!

நீங்களும் சரிபார்க்கலாம். ஒரு வாரம் குழந்தை தானாகச் சொல்லும் சொற்களை, எந்த மொழியானாலும், ஒரே நோட்டில் எழுதுங்கள். 2 வயதில் எல்லா மொழியும் சேர்த்து 50 சொற்கள் இல்லை, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் இதையே கேட்டுத் தெளிவு பெறலாம்.