ஒரே கேள்விக்கொத்து என்பதற்காக மட்டும் ஒப்பிட்டுவிட முடியாது

“சமூகத் தொழில்முயற்சிகள் (சமூக நோக்கத்துக்காக நடத்தும் வியாபாரங்கள்) பற்றிப் பிரித்தானியாவில் பாவித்த கேள்விக்கொத்தைத் தமிழாக்கி யாழ்ப்பாணத்தில் கேட்டால் இரண்டு முடிவுகளையும் அப்படியே ஒப்பிடலாம்” என்று சொல்வது சரியல்ல. கேள்விக்கு முன்னமே பிசகிவிடும்: யாரிடம் கேட்பது?

இலங்கையில் சமூகத் தொழில்முயற்சி என்று தனியான சட்டப் பதிவு கிடையாது. ஒன்று கூட்டுறவுச் சங்கமாக இருக்கும், இன்னொன்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, மற்றது வெறும் வியாபாரப் பெயராக. தொண்டு நிறுவனம் தரும் பட்டியலோடு மட்டும் போனால் மானியம் வாங்கியவர்கள்தான் அகப்படுவார்கள்; பிறகு “எல்லாமே மானியத்தில் ஓடுகிறது” என்று அறிக்கை வரும்!

“நீங்கள் சமூகத் தொழில்முயற்சியா?” என்றும் கேட்காதீர்கள். விற்பனை, மானியம், அங்கத்தவர் பணம் மூன்றையும் ரூபாயில் தனித்தனியே வாங்குங்கள். வருமானத்தில் எத்தனை வீதம் விற்பனையால் வந்தால் சமூகத் தொழில்முயற்சி என்று கொள்வது, 25 வீதமா 50 வீதமா என்பதை ஒப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஆளணிக் கேள்விதான் அதிகம் குழப்பும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கமொன்றில் “எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?” என்றால், ஒரு முகாமையாளர் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் சொல்வார், இன்னொருவர் கள் இறக்கும் சீவல் தொழிலாளிகளையும் சேர்த்துவிடுவார். அவர்கள் அங்கத்தவர்கள், வேலையும் பருவத்துக்குத்தான். சம்பள ஊழியர், தொழில்செய்யும் அங்கத்தவர், தொண்டர் என்று மூன்று பெட்டி வையுங்கள். ஆண்டில் எத்தனை மாத வேலை என்றும் கேளுங்கள்.

வருமானத்தை டொலருக்கு மாற்றுவதிலும் கவனம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அதே விற்பனை டொலரில் பாதிக்குச் சற்று மேல்தான் தெரியும். மூல ரூபாய்த் தொகையையும் நிதியாண்டு தொடங்கும் திகதியையும் கோப்பில் விட்டுவையுங்கள்.