கூட்டு மனு அப்பீல் ஆகாது

"ஜிஎஸ்டி வரி கட்டச் சொல்லி ஆணை வந்தவர்கள் ஐம்பது பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும், தனி அப்பீலும் வேண்டாம், பத்து சதவீதமும் கட்ட வேண்டாம்" என்று சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்களிடம் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து இதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

ஆணை ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் தனித்தனியாக வருகிறது. அப்பீலும் அப்படித்தான். அப்பீல் போட ஜிஎஸ்டி சட்டத்தின் 107-வது பிரிவுப்படி ஆணை கிடைத்த நாளிலிருந்து 3 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம். அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரியே நினைத்தாலும் ஏற்க முடியாது. ஒப்புக்கொண்ட வரியை முழுதாகவும், மறுக்கும் வரியில் 10 சதவீதத்தையும் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் மீதியை வசூலிப்பது நிற்கும். பயந்துபோயிருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

சரி, கூடிப் பேசுவதே வீணா? இல்லவே இல்லை. வாதத்தைச் சேர்ந்தே தயாரிக்கலாம். 2017-18 கணக்கில் நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டி, உங்கள் வரியில் கழித்துக்கொள்வது), வெள்ளி விற்றவர் தன் கணக்கில் காட்டாததால், விற்றவர்கள் காட்டிய பில்கள் உங்களுக்குத் தெரியும் 2ஏ படிவத்தில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த விற்பனையாளர் அளவில் வித்தியாசம் 5 லட்சத்துக்குள் என்றால் அவருடைய சான்றையும், தாண்டினால் ஆடிட்டர் சான்றையும் அதிகாரி கேட்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் வந்த 183-ஆம் ஜிஎஸ்டி சுற்றறிக்கை சொல்கிறது. இதைப் பத்துப் பேரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் பில், சான்று, தேதி, தொகை எல்லாம் அவரவருடையதாக இருக்க வேண்டும். அப்புறம், ஜிஎஸ்டி போர்ட்டலில் அவரவர் கணக்கிலிருந்துதான் அப்பீல் போக வேண்டும்.