சிகிச்சைக்குப் போனால் போலீஸ் கேஸா?

கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: போதை மறுவாழ்வு சிகிச்சைக்குப் போனால் மருத்துவமனையே போலீசுக்குச் சொல்லிவிடும், கேஸ் விழும், படிப்பு போச்சு என்று. இது தவறு. இதை நம்பி எத்தனை பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருக்கிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ ஏற்கெனவே வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது என்கிறது அது. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம், சிறிய அளவுக்கு மேல் வைத்திருந்த வழக்குக்கு இது பொருந்தாது.

அப்புறம், ரகசியம். 2017 மனநலச் சட்டம் மது, போதைப்பழக்கம் சார்ந்த மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையையும் தருகிறது. சந்தேகம் இருந்தால் 14446-க்குக் கூப்பிடுங்கள், மத்திய அரசின் இலவச உதவி எண் அது. நண்பனுக்காக நீங்களும் பேசலாம்.