பொத்தானை அழுத்தித் தரச் சொல்லும் ரோபோ

பெண் விஞ்ஞானிகளைப் பற்றி இங்கே வரும் பதிவுகளில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் ஒன்று உண்டு. பிறந்த ஊர், படித்த பட்டம், வாங்கிய விருது, 'முதல் பெண்' என்ற அடைமொழி, சிரித்த முகத்தோடு ஒரு படம். அந்த அம்மையார் வாழ்நாளெல்லாம் எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார் என்று ஒரு வரி இருக்காது. ஆணென்றால் கண்டுபிடிப்பில் தொடங்குகிறோம். பெண்ணென்றால் தடைகளில் தொடங்கி விருதில் முடித்துவிடுகிறோம். ஆகவே போர்ச்சுகல் நாட்டுக் கணினி அறிவியலாளர் மனுவேலா வெலோசோவைப் பற்றிய இந்தப் பதிவை ஒரு லிப்டில் தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி அறிவியல் துறைக் கட்டடத்தில் வெலோசோவின் ஆய்வுக்குழு 'கோபாட்' என்ற ரோபோக்களை நடமாட விட்டிருந்தது. எந்தத் திசையிலும் நகரும் சக்கரங்கள், நிமிர்ந்த ஒல்லியான உடல், ஒரு மடிக்கணினி, கேமரா, பொருள் வைக்க ஒரு கூடை. கை கிடையாது. வந்த விருந்தினரை உரிய அறைக்கு அழைத்துப் போகும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பொருள் கொண்டுபோகும். மாடி மாற வேண்டுமென்றால் லிப்ட் வாசலில் போய் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் வருகிறவரிடம் பொத்தானை அழுத்தித் தரும்படி கேட்கும். ஆள் வரும்வரை காத்திருக்கும். யாராவது வழியை மறித்தால் வழிவிடச் சொல்லும். எங்காவது வெகுநேரம் சிக்கிக்கொண்டால் ஆய்வுக்குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பி உதவி கேட்கும்.

கை ஒன்றைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்ததே என்று எந்தப் பொறியாளருக்கும் தோன்றும். பொருத்தலாம். பிறகு கதவுப் பூட்டு வரும், கண்ணுக்குப் பிடிபடாத கண்ணாடிச் சுவர் வரும், வாங்கிய கட்டளையே விளங்காமல் போகும். பார்ப்பதிலோ யோசிப்பதிலோ செய்வதிலோ ஏதாவது ஒரு குறை எந்த ரோபோவுக்கும் எந்நாளும் இருக்கும் என்பது வெலோசோவின் நிலைப்பாடு. அந்தக் குறையை ரோபோவே அறிந்திருக்க வேண்டும். அறிந்து, பக்கத்திலிருக்கும் மனிதரிடம் கேட்க வேண்டும். கூட்டுவாழ்வுத் தன்னாட்சி என்று இதைத் தமிழில் சொல்லலாம். கூடவே நடந்து காவல் காக்க ஆளில்லாமல், 2014 முடிவதற்குள் அந்த ரோபோக்கள் கட்டடத்துக்குள்ளேயே 1000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டன. கை முளைக்கட்டும் என்று காத்திருந்தால் முதல் மாடியையே தாண்டியிருக்காது.

இந்த எண்ணம் திடீரென்று வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1957-இல் லிஸ்பனில் பிறந்தவர். நாடு அப்போது சலாசாரின் சர்வாதிகாரத்தில் இருந்தது. 1974 ஏப்ரலில் கார்னேஷன் புரட்சி அந்த ஆட்சியைக் கவிழ்த்தபோது இவருக்கு 16 வயது. லிஸ்பனின் இன்ஸ்டிடூடோ சுபேரியோர் டெக்னிகோவில் மின்பொறியியல் படித்து 1980-இல் பட்டம், 1984-இல் முதுநிலை. பிறகு அமெரிக்கா. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு முதுநிலைப் பட்டம். கார்னகி மெலனில் முனைவர் பட்டம் பெற்றது 1992-இல், ஏறத்தாழ 35 வயதில். 'முப்பதுக்குள் சாதித்தவர்கள்' பட்டியல் போடுகிறவர்கள் இந்த வயதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அவருடைய ஆய்வேடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதிய சிக்கல் ஒன்று வரும்போது கணினி ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுமா? முன்பு தீர்த்த ஒத்த சிக்கலை நினைவிலிருந்து எடுத்து, அதில் ஒவ்வொரு படியையும் ஏன் எடுத்தோம் என்ற காரணத்தோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாதா? இதைத்தான் ஹைமே கார்பொனெலின் வழிகாட்டுதலில் ஆராய்ந்தார். விடையை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது, காரணமும் வேண்டும் என்ற பிடிவாதம் அங்கேயே தொடங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, 'எந்த வழியாக வந்தாய்?' என்று கேட்டால் தன் பயணத்தைச் சுருக்கமாகவோ விரிவாகவோ எடுத்துச் சொல்லும்படி கோபாட்டை அவர் குழு பழக்கியதும் அதே பிடிவாதத்தால்தான் என்று நினைக்கிறேன்.

நடுவில் கால்பந்து. 1997 மே மாதம் டீப் புளூ கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வீழ்த்தியது. உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் நகோயாவில், ரோபோக்கள் கால்பந்து ஆடும் 'ரோபோகப்' போட்டி முதன்முறையாக நடந்தது. அதைத் தொடங்கியவர்களில் வெலோசோவும் ஒருவர். டேபிள் டென்னிஸ் மேசை அளவே ஆன களம், ஆரஞ்சு நிறக் கோல்ஃப் பந்து, அணிக்கு 5 சின்ன ரோபோக்கள். சின்ன ரோபோக்களுக்கான அந்தப் பிரிவில் இவருடைய அணிதான் வென்றது. சதுரங்கத்தில் காய் தானாக நகராது, யோசிக்கும்வரை எதிராளி காத்திருப்பார். கால்பந்தில் பந்து நிற்காது, கூட விளையாடுகிறவனை நம்பியாக வேண்டும், எதிரணி என்ன செய்யும் என்று தெரியாது. இரண்டில் எது நம் அன்றாடத்துக்கு அருகில் இருக்கிறது என்று கேட்டால் நான் கால்பந்தையே சொல்வேன். 2050-க்குள் மனித உலகக் கோப்பைச் சாம்பியனை ரோபோ அணி வெல்ல வேண்டும் என்பது அவர்களுடைய இலக்கு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவுதான், இருந்தாலும் துணிச்சல் பிடித்திருக்கிறது.

பதவிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களின் சங்கமான ஏஏஏஐ-க்குத் தலைவர், கார்னகி மெலனில் இயந்திரக் கற்றல் துறைக்குத் தலைவர், ஹெர்பர்ட் சைமன் பெயரிலான பேராசிரியர் இருக்கை. மனிதப் பகுத்தறிவுக்கு எல்லை உண்டு என்று வாதாடியவர் சைமன். அவர் பெயரிலான இருக்கை இவருக்குக் கிடைத்ததை நான் வெறும் தற்செயலாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

2018-இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்குத் தலைமை தாங்கப் போனார். இதில் எனக்கு இரண்டு மனம். தாழ்வாரத்தில் நின்று உதவி கேட்கும் ரோபோவை, அது தடுமாறுவதையும் சேர்த்து, வழியில் போகிற மாணவர்கூடப் பார்க்கலாம். வங்கிக்குள் ஓடும் மென்பொருளின் தடுமாற்றத்தை வெளியிலிருந்து யார் பார்ப்பது? ஆனால் கடன் தரலாமா, இந்தப் பரிமாற்றம் மோசடியா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான், 'இது எனக்குப் பிடிபடவில்லை, ஒரு மனிதர் பார்க்கட்டும்' என்று சொல்லும் இயந்திரம் எல்லாவற்றையும்விட அவசியம். இன்றைய அரட்டை மென்பொருள்களோ தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்கின்றன. அவற்றை விற்கிற நிறுவனங்கள் வெலோசோவின் லிப்ட் கட்டுரைகளை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். எல்லாம் பொதுவெளியில்தான் கிடக்கின்றன.